குடிநீர்க் கிணற்றில் மீன் விட்டவள்

செங்கமலத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் பேனாவில் சர்க்கரைத் தண்ணீர் ஊறிவிடுகிறது. எனக்கு அந்த வியாதி இல்லை. அவள் வாய் பொல்லாத வாய், கை அதைவிடப் பொல்லாத கை. ஏரிக்கரையில் நாலு பேர் பார்க்க என்னைக் கன்னத்தில் அறைந்தவள் அவள். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. மீசையெல்லாம் வைத்திருந்தேன்.

அறைக்குக் காரணம் ஒரு விரால் மீன். விரால் குஞ்சு பொரித்தால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே கூட்டமாக மேல்தண்ணீருக்கு வந்து வந்து போகும். தாயும் தகப்பனும் அடியில் சுற்றிச்சுற்றிக் காவல் காக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தூண்டிலைப் போட்டால் போதும், பசியில்லாவிட்டாலும் கோபத்தில் வந்து கடிக்கும். அதைவிடச் சுலபமான மீன்பிடி கிடையாது. நானும் அப்படித்தான் முழங்கை நீள விரால் ஒன்றை இழுத்துக் கரையில் போட்டுவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். மீன் கூடையோடு கரைமேல் போய்க்கொண்டிருந்த செங்கமலம் கூடையை இறக்கி வைத்தாள், வந்தாள், அறைந்தாள். முள்ளிலிருந்து மீனைக் கழற்றித் தண்ணீரில் விட்டாள்.

“குஞ்சோட கீற மீன புடிக்கிறியே, உங்க வூட்ல விதை நெல்ல ஆக்கித் துன்னுவீங்களா?” என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் அப்போது மூன்று காணி நிலம் இருந்தது. மீன்காரி ஒருத்தி நிலக்காரன் வீட்டுப் பிள்ளையைக் கைநீட்டினாள் என்றால் சும்மா விடுவார்களா? என் சித்தப்பா அவள் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினார். அவள் புருஷன் சுப்பராயன் கைகட்டி மன்னிப்புக் கேட்டான். அவள் உள்ளே உட்கார்ந்து மீன் உரசிக்கொண்டே இருந்தாளாம். அவள் வாயாலேயே மன்னிப்பு வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். அந்த முடிவோடு மூன்று வருஷம் அலைந்தேன்.

அவள் பிறந்தது பென்னலூரில், ஏரிமீன் பிடித்துப் பிழைக்கும் செம்படவர் வீட்டில். பதினாறு வயதில் சுப்பராயனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் ஊருக்கு வந்தாள். எங்கள் ஊர் வடக்குப்பட்டுக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது, பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சுப்பராயன் வலை வீசுவான். அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சேரப்பணஞ்சேரி வழியாகப் படப்பைக்கு நடப்பாள். ஒரே மகள். சுங்குவார்சத்திரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கவிச்சி வாடை அடிக்கிறது என்று பெற்றவளை வாசலோடு பேசி அனுப்புகிற மகள்.

வியாபாரத்திலும் அவளிடம் பணிவு என்பது மருந்துக்கும் கிடையாது. மழைக்காலத்தில் வலையில் சினை மீன் விழுந்தால் அங்கேயே திருப்பி விட்டுவிடுவாள். சினைக்கு ஆசைப்பட்டுக் கேட்டு வருகிறவர்களைத் திட்டி அனுப்புவாள். கர்ப்பமாக இருந்த என் மனைவி சசிகலா ஆசையாகக் கேட்டதற்கும் அதே பதில்தான். வயிற்றில் இருப்பதன் அருமை உனக்கே தெரிய வேண்டாமா என்று கேட்டிருக்கிறாள். சசிகலா அழுதுகொண்டே வந்தாள். என் கணக்கில் இது இரண்டாவது அறை.

அவள் செய்துவந்த இன்னொரு காரியத்தை ஊரில் யாரும் கவனித்ததில்லை. கோடையில் எங்கள் ஏரி வற்றி வற்றி, கடைசியில் மதகடிப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். அப்போது ஊரே இறங்கிச் சேற்றைக் கலக்கி, கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளும். ஒரு பொடி மீனைக்கூட மிச்சம் வைக்க மாட்டோம். அந்தக் கூத்துக்கு நாலு நாள் முன்னால் செங்கமலம் தனியாகப் பள்ளத்தில் இறங்கி, வகைக்கு இரண்டு சோடி பிடித்து, தவலையில் போட்டுச் சுமந்துபோய் ஊர்க் கிணறுகளில் விடுவாள். விரால், குறவை, கெளுத்தி, ஆரால், உளுவை, பனையேறி என்று எல்லா வகையிலும். மழை பெய்து ஏரியில் தண்ணீர் ஏறியதும் கிணற்றில் இறங்கிப் பிடித்துக்கொண்டுபோய் ஏரியில் விடுவாள். குடியானவன் விதை நெல்லை எடுத்து வைப்பது போல அவளுக்கு அது வருஷாந்திர வேலை. எங்கள் கிணறுகளில் மீன் இருப்பதை நாங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். கிணற்றுக்கு மீன் எப்படி நடந்து வந்தது, வற்றிப்போன ஏரியில் அடுத்த வருஷம் மீன் எங்கிருந்து முளைத்தது என்று ஒருத்தனாவது யோசித்தானா? நானும் யோசிக்கவில்லை. தின்றேன்.

1991-ல் ஏரியின் மீன் குத்தகையைக் கோதண்டம் மூன்று வருஷத்துக்கு எடுத்தார். அவர் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் முன்னாள் தலைவர். பதவி போன பிறகும் பேச்சு போகவில்லை. எனக்குப் பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்கில் ஆப்பரேட்டர் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மோட்டார் போடுவது, டேங்க் நிரப்புவது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை குடிநீர்க் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போடுவது, இவ்வளவுதான் வேலை. ரகுபதி என்ற என் பெயர் போய் எல்லார் வாயிலும் டேங்க்கு ரகு ஆனேன்.

கோதண்டம் எங்கேயோ மீன் பண்ணைகளைப் பார்த்துவிட்டு வந்தார். லாரியில் கட்லா, ரோகு குஞ்சு கொண்டுவந்து ஏரியில் விடப்போவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் களை மீனை ஒழிக்க வேண்டும் என்றார். களை மீன் என்றால் எங்களுக்குப் புரியவில்லை. விளக்கினார். விரால், குறவை, கெளுத்தி எல்லாம் களை. வளர்ப்புக் குஞ்சுகளைத் தின்றுவிடும். மற்றப் பொடி மீன்களும் களை. குஞ்சுகளின் தீனியைத் தின்றுவிடும். பள்ளத்தில் தண்ணீர் குறைவாக இருக்கும்போதே இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினால் அத்தனையும் மூச்சடைத்து மேலே வந்துவிடும். செத்த மீனைச் சாப்பிடலாம், மனுஷனுக்கு ஒன்றும் ஆகாது. இருபது நாளில் தண்ணீரும் தெளிந்துவிடும். அன்றைக்கு மிதக்கிற மீனெல்லாம் ஊருக்கு இனாம் என்று அறிவித்தார். ஊர் கைதட்டியது.

அவரை வில்லன் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. விரால் இருக்கிற ஏரியில் குஞ்சு தப்பாது. இன்னொரு நல்ல காரியமும் செய்தார். வலை வீசிக் கிடைத்தால் சோறு, இல்லாவிட்டால் கஞ்சி என்று கிடந்த சுப்பராயனை மாதச் சம்பளத்துக்கு ஏரிக் காவலாக வைத்துக்கொண்டார். ஒரு காக்கிச் சட்டையும் டார்ச் லைட்டும் கொடுத்தார். சுப்பராயன் அந்தச் சட்டையோடு படுத்து அந்தச் சட்டையோடு எழுந்தான். கட்டிய பெண்டாட்டியிடம்கூட உத்தியோகஸ்தன் தோரணையில் பேச ஆரம்பித்தான்.

செங்கமலம் கோதண்டத்தின் வீட்டுக்குப் போனாள். வாசல் கேட்டில் நிற்கவைத்துத்தான் பேசினார். நான் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

“கோழிப் பண்ணையில நரிய வுட்டு வளப்பாங்களா?” என்று கேட்டார் அவர்.

“நீ எறக்கற மீனு இந்த ஏரியில முட்டை போடாது. வருசா வருசம் லாரியில வரணும். உன் குத்தகை முடிஞ்சி லாரியும் நின்னு பூட்சின்னா ஏரியில இன்னா கீது? வெறும் தண்ணி” என்றாள் அவள்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், அவர் சிரித்தாரே என்று. கட்லாவும் ரோகும் தேங்கிய தண்ணீரில் இனம் பெருக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு ஒரு மீன்வளத்துறைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள் அதைக் கேட் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிண்ணாக்குக் கரைக்க ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். அதற்கு முந்தின நாலு நாளில் அவள் வழக்கமான வேலையைச் செய்துவிட்டாள். இந்தத் தடவை வகைக்கு இரண்டு சோடி இல்லை, கைக்குக் கிடைத்த அத்தனை சோடியும். பாசனக் கிணறுகளில் விட வழியில்லை. பாதி நிலத்தைக் கம்பெனிக்காரர்கள் வாங்கிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள், மீதிக் கிணறுகளை மோட்டார் உறிஞ்சிவிடும். எந்தக் கோடையிலும் வற்றாதவை குடிநீர்க் கிணறுகள்தான். தெருக் கிணறு, பள்ளிக்கூடக் கிணறு, பிள்ளையார் கோயில் கிணறு, காலனிக் கிணறு என்று நாலிலும் விட்டாள். பதினைந்து நாளைக்கு ஒரு கரண்டி பவுடர் அந்த மீன்களை ஒன்றும் செய்யாது என்று அவளுக்கு அனுபவத்தில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய திருவிழா. மூட்டை மூட்டையாக ஊறிய பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றினோம். நானும் மூட்டை தூக்கினேன். பத்து மணிக்கெல்லாம் தண்ணீர் முழுக்க மீன் வாய்கள். மேலே வந்து மேலே வந்து காற்றைக் கவ்வின. ஊரே அண்டா குண்டாவோடு இறங்கியது. கம்பெனி ஷிப்டுக்குப் போக வேண்டிய பையன்கள் லீவு போட்டுவிட்டு இறங்கினார்கள். செங்கமலம் கரைமேல் உட்கார்ந்து எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு அன்னக்கூடை நிறைய அள்ளிப்போனேன். சசிகலா வறுத்தாள், ருசியாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் பவுடர் போடப் போனபோது பள்ளிக்கூடக் கிணற்றில் ஏதோ பெரிதாகப் புரண்டதைப் பார்த்தேன். மற்றக் கிணறுகளையும் எட்டிப் பார்த்தேன். ஏரியில் செத்த அதே வகைகள் சோடி சோடியாகத் திரிந்தன, செங்கமலத்தின் வேலை என்று புரிந்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராகப் போய்க் கோதண்டத்திடம் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் அவளை நிறுத்தினார்கள். குடிக்கிற தண்ணீரில் கவிச்சியைக் கலந்துவிட்டாள், பிள்ளைகளுக்கு வாந்திபேதி வந்தால் யார் பொறுப்பு என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். இத்தனை வருஷமும் அதே கிணற்றில் மீன் இருந்ததை ஒருத்தரும் சொல்லவில்லை. மீனை எடுத்துவிடு என்றார்கள். மழை வரட்டும், எடுக்கிறேன் என்றாள். இப்போதே எடு என்றார்கள். முடியாது என்றாள். கூட்டத்தில் யாரோ சுப்பராயனைப் பார்த்து, காக்கிச் சட்டை போட்டிருக்கிறாயே, பெண்டாட்டியை அடக்க வக்கில்லையா என்று கேட்டான். சுப்பராயன் அவளை அடித்தான். காக்கிச் சட்டைப் பித்தான் தெறிக்கத் தெறிக்க அடித்தான். ஒருத்தரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை, தள்ளி நின்று பார்த்தேன். இன்றைக்கு நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

பிறகு கோதண்டம் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. எனக்குப் புரிந்தது. வழக்கமாகப் போடுவதைப் போலப் பல மடங்கு பவுடரை வாளி வாளியாகக் கரைத்து நாலு கிணற்றிலும் ஊற்றினேன். கை நடுங்கியது என்றெல்லாம் எழுத மாட்டேன். நடுங்கவில்லை.

பனையேறி மீனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது தண்ணீரை விட்டு வெளியே வந்தும் செவுள் முள்ளை ஊன்றி ஊன்றி நகரும். தெருக் கிணற்றில் அவை கல்சுவரைப் பிடித்து ஏறின. தண்ணீர் எரிகிறது, மேலே போகலாம் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு முழம், மூன்று முழம் ஏறி, கல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு செத்தன. மறுநாள் காலையில் வாளி இறக்கிய பெண்கள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செங்கமலம் வந்து நாலு கிணற்றிலும் இறங்கி, ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு போனாள். என்னைத் தாண்டித்தான் போனாள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஆனால் ஐந்தாவதாக ஒரு கிணறு இருந்தது. அது என் கிணறு. டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார்க் கிணறு. பவுடரை நான் மேலே டேங்கில் போட்டுவிடுவேன், அதனால் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்ததே இல்லை. அப்போது அதற்கு இடுப்பளவுச் சுவர்தான். அதில் ஒரு சோடி விராலை விட்டிருக்கிறாள். தவலையைக் கயிறு கட்டி இறக்கும்போது கயிறு நழுவி, தவலையும் மீனோடு உள்ளே போய்விட்டது. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. பிற்பாடு தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாலு கிணறும் நாறியதும் கோதண்டம் உஷாராகிவிட்டார். ஊருக்கே தண்ணீர் போகிற மோட்டார்க் கிணற்றுக்கு ஆளுயரச் சுவர் எழுப்பி, மேலே கண்ணாடிச் சில்லு பதித்து, இரும்புக் கதவும் பூட்டும் போடவைத்தார். சாவி என் அரைஞாண் கயிற்றில். அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து எங்கள் பக்கமெல்லாம் ஒரே போலீஸ். சுவர் ஏறுகிற ஆளை ஏன் என்று கேட்காமல் ஜீப்பில் ஏற்றுகிற காலம். அவளுடைய கடைசிச் சோடி உள்ளே மாட்டிக்கொண்டது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஏரியில் தண்ணீர் ஏறியது. பக்கத்து ஊரில் நாலு பேருக்கு வாந்திபேதி கண்டதால் சுகாதார ஆய்வாளர் வந்தார். திங்கட்கிழமைக்குள் எல்லாக் கிணற்றிலும், மோட்டார்க் கிணறு உள்பட, அதிகப்படியாகப் பவுடர் போட வேண்டும் என்று சொல்லி மூட்டையை இறக்கிவிட்டுப் போனார். இது ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி. செங்கமலத்துக்கும் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் சுவர் ஏறப் பார்த்திருக்கிறாள். கண்ணாடிச் சில்லு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. மோட்டார் ஒயர் திருட வந்தாள் என்று எனக்குச் சொன்னார்கள். நான் நம்பினேன், அவளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்புகிற நிலைமையில் இருந்தேன்.

சனிக்கிழமை ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். கடை டேங்குக்கு நேர் எதிரில். ஊரே கேன் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. கோதண்டம் கடைக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு நாலு ஆள் பின்னால் சுப்பராயன், காக்கிச் சட்டையில். செங்கமலம் உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

“ஆடியில என் பித்தள தவல உன் கெணத்துல வுழுந்துடுச்சி. கதவத் தொற, எடுத்துக்கறேன்.”

கேட்கிற விதத்தைப் பாருங்கள். தயவுசெய்து என்று ஒரு பேச்சு இல்லை. மூன்று வருஷமாக நான் காத்திருந்த நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மீசையைத் தடவிக்கொண்டேன்.

“அன்னிக்கு ஏரிக்கரையில கை நீட்டுனியே, அதுக்கு இங்க, இத்தினி பேரு எதிர்ல மன்னிப்புக் கேளு. தொறக்கறேன்” என்றேன்.

வரிசை மொத்தமும் எங்கள் பக்கம் திரும்பியது. அவள் திட்டுவாள், திட்டட்டும், திட்டினால் சாவி இல்லை என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சேறும் மண்ணெண்ணெயும் கலந்து கிடந்த அந்தத் தரையில் அப்படியே மண்டியிட்டு, என் இரண்டு காலையும் பிடித்து, நெற்றியை என் பாதத்தில் வைத்தாள். “தப்புதான் சாமி, மன்னிச்சிடு” என்றாள். நாற்பத்தைந்து வயது மனுஷி. சுப்பராயன் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு நெஞ்சு இரண்டு சுற்றுப் பெருத்தது. கதவைத் திறந்துவிட்டேன். அவள் உள்ளே போய் இரும்புப் படியில் இறங்கினாள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, வரிசையில் இருந்தவர்களுக்கு அந்தப் பழைய அறையைப் பற்றி முதலிலிருந்து சொன்னேன். கோதண்டம் நாற்காலியிலிருந்தே, பரவாயில்லை, நீ ஆம்பளைதான்டா என்றார். உள்ளே முங்குகிற சத்தமும் எழுகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தவலையை எடுக்க இவ்வளவு நேரமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அரை மணி நேரம் நான் ராஜாவாக நின்றேன்.

அவள் வெளியே வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, கைத்துணியில் ரத்தம் ஊறியிருந்தது. இடுப்பில் தவலை. தவலையின் வாயை முந்தானையால் இறுக்கி மூடியிருந்தாள். என்னைத் தாண்டும்போது தவலைக்குள் டப்பென்று ஏதோ அடித்தது. இரண்டு எட்டு வைத்தாள், மறுபடியும் டப்பென்று அடித்தது. பித்தளை அதிர்ந்து வரிசை வரைக்கும் கேட்டது.

கோதண்டம் திரும்பினார். “இன்னாடா அது சத்தம்?”

அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஆடியில் விழுந்த தவலையை எடுக்க ஐப்பசி சனிக்கிழமை ஏன் வந்தாள் என்று விளங்கியது. ஏரிக் காவல்காரன் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிற நேரமாகப் பார்த்து வந்திருக்கிறாள். என் காலில் ஏன் அவ்வளவு சுலபமாக விழுந்தாள் என்பதும் விளங்கியது. அந்த நெற்றி என் பாதத்துக்காகத் தரையைத் தொடவில்லை. நான் ஒரு பூட்டு, அவ்வளவுதான். பூட்டைத் திறக்க என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்திருக்கிறாள்.

மீன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோதண்டம் தவலையைப் பிடுங்கிக் கவிழ்த்துவிடுவார். ஆனால் சொன்னால் வரிசை முழுக்கச் சிரிக்கும். இரண்டு மீனுக்காக விழுந்தவளைத் தனக்காக விழுந்தாள் என்று மீசையை முறுக்கினான் டேங்க்கு ரகு என்று சாகிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அரை மணி நேரமாக நான் சொன்ன கதையெல்லாம் நாறிப்போகும்.

“தவல அடி ஒடுங்கிகீது. நடக்கறப்போ தண்ணி மோதுது” என்றேன்.

கோதண்டம் மண்ணெண்ணெய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். செங்கமலம் நின்று என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது என்று எழுதினால் இதைப் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். இல்லை. சந்தையில் கெட்ட மீனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு கரையேறி, ஏரிக்குள் இடுப்பளவுத் தண்ணீர் வரைக்கும் நடந்துபோய்த் தவலையைக் கவிழ்த்தாள். திங்கட்கிழமை நான் மோட்டார்க் கிணற்றில் பவுடர் போட்டேன். ஒன்றும் மிதக்கவில்லை.

கோதண்டத்தின் கட்லா நன்றாகவே வளர்ந்தது. குத்தகை முடிந்ததும் அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். லாரி நின்றது. அதற்கு அடுத்த வருஷமும் ஏரியில் விரால் இருந்தது, குஞ்சுகள் செவேலென்று மேலே வந்தன. அவையெல்லாம் அந்த ஒரு சோடியின் வம்சம்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மழையில் மேல் ஏரி வழிந்து அங்கிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் பனையேறி வரவில்லை. ஆரால் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஏரியில் நான் அவற்றைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களும் தெரியாது.

அவள் கடைசி வரைக்கும் மீன் விற்றாள். ஊர் அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டது. அவளும் ஊரோடு பேச ஏங்கவில்லை. சுப்பராயன் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். அவளுக்கு ஒரு பொன்னாடையோ, சுவரொட்டியோ, பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சோ கிடைத்ததில்லை. செத்தபோது பாடை தூக்க ஆள் சேரக் கம்பெனி ஷிப்டு முடிகிற வரைக்கும் காத்திருந்தார்கள்.

அவள் சாவதற்கு ஒரு வருஷம் முன்னால், படப்பை மார்க்கெட்டில் அவள் கடை முன்னால் நின்றேன். கூட்டம் இல்லை. அன்றைக்குத் தவலைச் சத்தம் எனக்குக் கேட்டது, தெரிந்தேதான் பொய் சொன்னேன் என்று அவளிடம் சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்பதைச் சொல்லவில்லை. நல்ல வார்த்தை ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன், மறைப்பானேன்.

அவள் அரிவாள்மனையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“தெரியும். நீ வாய மூடிகினது ரெண்டு மீனுக்கு. அந்த நாலு கெணத்துக்கு இன்னா சொல்லப் போற?”

பின்னால் ஒரு அம்மாள் கெளுத்தி இருக்கிறதா என்று கேட்டாள். செங்கமலம் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவளுக்கு மீன் நிறுத்துக் கொடுத்தாள்.